முதலில் கேட்க விடுங்கள்

“அதெல்லாம் டெக்னிக்கல் மேட்டர் தோழர், நமக்கெதுக்கு?”

ஒரு புத்தக வெளியீட்டு விழா முடிந்து டீக்கடையில் நின்றபோது நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னார். என் சித்தப்பாவின் செத்துப்போன போனை ரெண்டு ஒயர் வைத்து எழுப்பிய கதையை நான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் அதிகாரம், மொழி, மௌனம் என்று மேடையில் பேசியவர் அவர். அந்த மூன்றும் அவர் சட்டைப்பையிலேயே இருக்கின்றன என்று அன்றைக்கு என்னால் விளக்க முடியவில்லை. இங்கே சொல்கிறேன். கொஞ்சம் கோபம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1

சித்தப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். சுரங்கத்தில் ஏற்றி சிமெண்ட் ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்பினால் ஒரு நடை. ஒவ்வொரு நடைக்கும் எடைமேடையில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். கேபின் சூட்டிலும் சட்டைப்பை வியர்வையிலும் அந்தச் சீட்டு சில வாரங்களில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். அதனால் கையில் வாங்கியதும் போனில் ஒரு போட்டோ எடுத்துவைப்பது அவர் பழக்கம். மூன்று மாத நடைக்கணக்கில் லாரி ஓனரோடு தகராறு. சித்தப்பாவிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் போட்டோக்கள்தான். கிளவுட், பேக்கப் எல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் போன் எழவில்லை. கம்பெனி பெயர் வரும், அணையும். மறுபடி வரும், அணையும். நாள் முழுக்க அதேதான்.

திருச்சியில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். டோக்கன், ஏசி, டை கட்டிய தம்பி. “சாஃப்ட்வேர் மாத்திப் பாக்கலாம் சார், டேட்டா போயிடும். அப்பவும் வரலைன்னா போர்டு மாத்தணும்.” போர்டுக்குச் சொன்ன விலையில் இன்னும் கொஞ்சம் போட்டால் புதுப் போனே வாங்கிவிடலாம். “என்ன கோளாறுன்னு சொல்ல முடியுமா?” என்று கேட்டேன். “அது எங்களுக்கே தெரியாது சார்” என்றான். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் வழியை அவனிடம் யாரும் கொடுக்கவும் இல்லை. கோளாறு என்னவென்று தெரியாமலேயே மருந்து எழுதும் வைத்தியத்துக்கு அங்கே டோக்கன் போட்டு உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.

பெரம்பலூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் உண்டு. ஒரு ஷட்டர் கடை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஹாட் ஏர், கண்ணாடிக்கு அடியில் செத்த போர்டுகள். அங்கே போனோம். என் பையில் யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று இருந்தது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன போர்டு அது. 5, 3.3, 1.8 என்று வோல்ட்டேஜை மாற்றிக்கொள்ளலாம். இப்போதைய போன்கள் பெரும்பாலும் 1.8 வோல்ட்டில் பேசுகின்றன. தெரியாமல் 5 வோல்ட்டைக் கொடுத்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

அண்ணன் கம்ப்யூட்டரில் அந்த மாடலின் போர்டு வரைபடத்தைத் திறந்தார். சந்தா கட்டிப் பார்க்கும் செயலி. அந்த வரைபடம் எந்த வழியாக அதற்குள் வந்தது என்று அவரும் கேட்பதில்லை, நாமும் கேட்கப்போவதில்லை. வரைபடத்தில் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று கடுகு அளவில் ரெண்டு பாயிண்ட் இருந்தன. “இத்தன வருசத்துல நான் இதத் தொட்டதே இல்ல தம்பி” என்றார். டிஎக்ஸில் ஒரு ஜம்பர் ஒயர், கிரவுண்டில் ஒன்று, அவ்வளவுதான் வைத்தோம். ஆர்எக்ஸைத் தொடவில்லை. போனுக்கு நாங்கள் எதுவும் சொல்லப்போவதில்லை, அது சொல்வதைக் கேட்கப்போகிறோம், அவ்வளவே.

நொடிக்கு 115200 பிட் என்று வைத்துப் பார்த்தோம். திரை முழுக்கக் குப்பை எழுத்து. வேகம் பொருந்தாவிட்டால் அப்படித்தான் வரும். 921600 வைத்ததும் வரிகள் ஓடத் தொடங்கின. மெமரி சரி, பேட்டரி சரி, ஸ்டோரேஜ் சரி. கடைசியாக ஏன் அணைந்தேன் என்று ஒரு வரி: பவர் கீ நெடுநேரம் அழுத்தப்பட்டதால் ரீசெட். கொஞ்ச நேரத்தில் மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே வரி.

யாரும் பவர் கீயைத் தொடவில்லை. அண்ணன் நெற்றியில் தட்டிக்கொண்டார். “அடச்சே! கீ டக்கு டக்குனு நல்லா அடிக்குதேன்னு விட்டுட்டேன் பாரு.” கீயின் மேல்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. சுண்ணாம்புத் தூசியும் வியர்வையும் சேர்ந்து உள்ளே ரிப்பனை ஷார்ட் ஆக்கியிருந்தன. யாரோ ஓயாமல் விரலை வைத்து அழுத்துவதாகவே போன் நினைத்துக்கொண்டிருந்தது. ரிப்பனைக் கழற்றியதும் ரீஸ்டார்ட் ஆவது நின்றது. புது ரிப்பன் போட்டு ஆன் செய்தால் போன் எழுந்து பின் நம்பர் கேட்டது. ஒரு போட்டோ கூடப் போகவில்லை.

அனுபவசாலி மெக்கானிக் யாராவது இதைப் படித்தால், “பவர் ரிப்பன முதல்லயே கழட்டிப் பாக்க வேண்டியதுதானே, இதுக்குப் போயி கேபிளா?” என்பார். நியாயம்தான். ஆனால் அது ஊகம். பத்து ஊகத்தில் ஒன்று பலிக்கும். எனக்கு உறைத்தது வேறு விஷயம். அந்தப் போன் பழுதான நாளிலிருந்து தன் கோளாறு என்னவென்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. சித்தப்பாவின் சட்டைப்பையில் சொல்லியிருக்கிறது. சர்வீஸ் சென்டர் மேசையில் சொல்லியிருக்கிறது. கேட்பதற்கான கதவைத்தான் மூடி வைத்திருந்தார்கள்.

2

இந்தக் கேபிளில் மாயம் ஒன்றும் இல்லை. இதன் பாட்டி ஆர்எஸ்-232, 1960-இல் வந்தது. தமிழ்நாட்டில் ஈசிஇ படித்த எவரையும் எழுப்பிக் கேளுங்கள், ஒன்பது பின் படம் வரைவார், மேக்ஸ்232 சிப் எதற்கு என்று எட்டு மார்க்குக்கு எழுதுவார். ஒரு ஒயர் பேச, ஒரு ஒயர் கேட்க, ஒரு ஒயர் பொதுத் தரை. ஒரு எழுத்தை அனுப்ப, தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்த்துப் பத்து பிட். 115200 வேகத்தில் நொடிக்கு 11520 எழுத்து ஓடும். திரை, டச், வைஃபை என்று எதுவும் உயிர்பெறும் முன்பே சிப் இந்த ஒயரில் பேசத் தொடங்கிவிடும். அதனால்தான் திரையே வராத போனையும் இதன் வழியாகக் கேட்க முடிகிறது.

இதைப் போனில் கொண்டுவருவது கஷ்டம் என்பார்கள். கஷ்டமில்லை, பலமுறை கொண்டுவந்திருக்கிறார்கள். நோக்கியா 3310-இன் பேட்டரியைக் கழற்றியவர்களுக்கு அடியில் இருந்த தங்க நிறப் புள்ளிகள் ஞாபகம் இருக்கும். எஃப்-பஸ், எம்-பஸ் என்ற சீரியல் வழிகள் அங்கேதான் இருந்தன. அந்தப் புள்ளிகளைப் பிடித்துத்தான் நம் ஊர்க் கடைகளில் ‘பாக்ஸ்’ போட்டு சாஃப்ட்வேர் ஏற்றினார்கள். 2012-இல் வந்த நெக்ஸஸ் 4-இல் ஹெட்போன் துளையே சீரியல் துளையும்கூட. மைக் ஒயரில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வோல்ட்டேஜ் கொடுத்தால், பாட்டு போகிற ஒயரில் லாக் வரும். ஒரு பழைய ஹெட்போன் ஒயரும் சீரியல் போர்டும் இருந்தால் வீட்டிலேயே கேபிள் செய்துகொள்ளலாம். பைன்போனின் முதுகைத் திறந்தால் ஆறு குட்டி ஸ்விட்சுகள் இருக்கும். ஆறாவதைத் தள்ளினால் ஹெட்போன் துளை சீரியல் துளையாகிவிடும். பிக்ஸல் போன்களில் யூஎஸ்பி-சி துளையில் அதிகம் பயன்படாத ரெண்டு பின்கள் வழியாக இதே லாக் வரும். அதற்கான கேபிள் போர்டின் வரைபடத்தைக் கூகுளே இலவசமாக வெளியிட்டது. ‘சீரியல்’ என்பதைக் காலை உணவு ‘சீரியல்’ ஆக்கி அதற்கு விளையாட்டுப் பெயரும் வைத்தது.

ஆக, வழி இருக்கிறது. போனைத் திறக்காமல் வெளித்துளை வழியாகவே கேட்க வைக்க முடியும். மற்றவர்கள் அதைச் செய்யாமலிருப்பது, செய்ய முடியாததால் அல்ல.

3

இந்த அநியாயம் நடப்பது வேறெங்கோ அல்ல, நம் மாநிலத்தில்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014-இல் மூடியது. இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்கள் தயாராகின்றன. எங்கள் பக்கத்துப் பெண்கள் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்துவிட்டு அந்தப் பக்கம் போகிறார்கள். ஹாஸ்டல், கம்பெனி பஸ், ஷிப்ட். போன் தயாரிக்கும் ஆலை எதுவானாலும் போர்டைப் பெட்டியில் மூடும் முன் சோதிப்பார்கள். போர்டை ஒரு சட்டத்தில் வைத்து அழுத்தினால், ஸ்பிரிங் வைத்த ஊசிகள் அந்தக் கடுகுப் புள்ளிகளில் குத்தி நிற்கும். போர்டு தன் நிலவரத்தைச் சொல்லும். பச்சை விளக்கு எரிந்தால் அடுத்த மேசைக்குப் போகும்.

அதாவது, போன் பிறந்த இடத்தில் பேசியது. அதைக் கேட்கும் சட்டத்தில் போர்டை வைத்தது பெரம்பலூர்ப் பெண்ணாகவே இருக்கலாம். மூடி, ஒட்டி, பெட்டிக்குள் போன மறுநொடியிலிருந்து அதே போன் அதே ஊர் மெக்கானிக்கிடம் ஊமை. ‘இங்கே தயாரிக்கிறோம்’ என்று மார்தட்டுகிறோமே, அதன் பொருள் என்ன? நம் கைகள் வேண்டும், காதுகள் வேண்டாம் என்பதுதானே?

என் மெக்கானிக் அண்ணன் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவர். அந்த லாக் முழுக்க இங்கிலீஷ். அவர் அதைப் படித்த விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு சொல்லாகப் படிக்கவில்லை. வரி வரியாக உருவத்தைப் பார்த்தார். திரும்பத் திரும்ப வரும் வரி எது, எந்த வரிக்குப் பிறகு நிற்கிறது என்று பார்த்தார். ‘கீ’ என்ற சொல்லில் விரலை வைத்தார். வாசிப்பு என்றால் இதுதான். மூணு மணி நேரத்தில் எனக்குப் பத்து ஆண்டில் வராத பயிற்சி அவருக்கு வந்துவிட்டது. “இது மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா எத்தன போர்ட தூக்கிப் போட்டிருக்க மாட்டேன்” என்றார். கண்ணாடிக்கு அடியில் கிடந்த போர்டுகளை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

இந்த மண்ணில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. காரையில் கால் வைத்த இடமெல்லாம் கடல் உயிர்களின் எச்சம். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் எதுவரை இருந்தது, எப்போது பின்வாங்கியது என்று அந்தக் கல்லைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். வாங்கி மூன்று வருடம்கூட ஆகாத போனுக்கு நேற்று ராத்திரி என்ன ஆனது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாதாம்.

4

இப்போது ‘பாதுகாப்பு’ என்ற சொல்லோடு ஒருவர் வருவார். இவரை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இவர் கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. சீரியல் வழியைத் திறந்துவிட்டால் போனைத் திருடியவன் உள்ளே நுழைந்துவிட மாட்டானா?

நுழையலாம், வழியை மடத்தனமாகத் திறந்தால். சில கருவிகளில் சீரியல் வழியாகக் கட்டளை கொடுத்து முழு அதிகாரமும் எடுக்க முடிந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது போன் பேசும் ஒயரை மட்டும்தான். அதன் வழியாக உள்ளே எதுவும் போகாது. அந்த ஒயரில் ரகசியம் எதையும் எழுதாமல் பார்த்துக்கொள்வது கம்பெனி வேலை. ஆண்ட்ராய்டு 10 காலத்திலிருந்து புதுப் போன்களில் தகவல்கள் பூட்டியே வைக்கப்படுகின்றன. சித்தப்பாவின் போன் தன் கோளாறைச் சொன்னதே தவிர, பின் நம்பர் போடாமல் ஒரு போட்டோவைக்கூடக் காட்டவில்லை. ரெண்டும் வேறு வேறு கதவுகள். ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பூட்டுவது பாதுகாப்பு ஆகாது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது எதிரிக்குத் தெரிந்தாலும் அது தாக்குப்பிடிக்க வேண்டும், சாவி மட்டுமே ரகசியமாக இருந்தால் போதும் என்று கெர்காஃப்ஸ் 1883-லேயே சொல்லிவிட்டார். பின் எங்கே இருக்கிறது என்பதை மறைத்தால்தான் பாதுகாப்பு என்றால், அந்தப் பூட்டு ஏற்கெனவே உடைந்த பூட்டு.

யாரிடமிருந்து மறைக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். தடயவியல் கூடங்களுக்கு ஜேடாக், சிப்-ஆஃப் என்று போர்டுக்குள் நுழையும் முறைகளே உண்டு. போன் திறக்கும் கருவிகளை அரசுகளுக்கு விற்கும் கம்பெனிகள் பகிரங்கமாகக் கடை நடத்துகின்றன. கள்ளச் சந்தை ஐபோன் ஆட்களிடம் ஆலைக்கென்று செய்த டிசிஎஸ்டி சீரியல் கேபிள் தாராளமாகப் புழங்குகிறது. போலீஸுக்கு வழி உண்டு, திருடனுக்கு வழி உண்டு. வழி இல்லாதது காசு கொடுத்து வாங்கிய லாரி டிரைவருக்கு மட்டும். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

உரிமையாளர் யார் என்ற கேள்வியில் கம்பெனிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தக் கேபிளின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சீரியல் சிப் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனம் 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு டிரைவரை அனுப்பியது. அது போலிச் சிப்களைக் கண்டுபிடித்து, அவற்றின் அடையாள எண்ணைச் சுழியமாக்கி முடக்கியது. போலி செய்தவன் காசு வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டான். முடங்கியது, தெரியாமல் வாங்கியவனின் மேசையில் இருந்த கேபிள். எதிர்ப்பு கிளம்பியபின் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். நம் மேசையில் இருக்கும் பொருளுக்குள் அவர்கள் எந்நேரமும் கைவிடலாம், நாம் மட்டும் அது பேசுவதைக் கேட்கக்கூடாது!

5

கம்பெனிகளைத் திட்டுவது சுலபம். நம்மையும் கொஞ்சம் திட்டிக்கொள்வோம்.

நான் ஈசிஇ படித்தவன். நாலு வருடத்தில் சீரியல் தொடர்பு பற்றி மூன்று பாடத்தில் எழுதினேன். லேபில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் கிட் உண்டு, அதன் முன்னால் ரெகார்டு நோட்டு உண்டு. அவுட்புட் என்ன வரவேண்டும் என்பதை முன்னமே நோட்டில் எழுதிவிட்டு, பிறகு கிட்டைப் பார்ப்போம். கிட் என்ன சொல்கிறது என்று கேட்டதே இல்லை. என் பையில் கேபிள் வந்தது கல்லூரியால் அல்ல, பிறகு ஒரு வேலையில் கை சுட்டுக் கற்றதால். அரியலூரிலும் பெரம்பலூரிலும் வீட்டை அடகு வைத்துப் பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் எட்டு மார்க் பதிலோடு வெளியே வருகிறார்கள். பத்தாவது படித்த மெக்கானிக்கைப் பார்த்து, “அவன் சும்மா போர்டை நோண்டுறவன்” என்கிறார்கள். நோண்டுகிறவன்தான் தெரிந்துகொள்கிறான் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத பாடம்.

நாம், இலக்கிய வாசகர்கள், இன்னும் மோசம். ஒரு கல்வெட்டில் ஓர் எழுத்து தேய்ந்திருந்தால் நாலு பக்கம் விவாதிப்போம், விவாதிக்கத்தான் வேண்டும். தினமும் ஐந்து மணி நேரம் கையில் இருக்கும் பொருள் விழிக்கும்போதெல்லாம் தன்னைப் பற்றி நூற்றுக்கணக்கான வரிகளை எழுதுகிறது. அது எழுத்து. அதைப் படிக்க அனுமதி இல்லை. தணிக்கை பற்றி இவ்வளவு பேசுகிற நமக்கு இது மட்டும் ‘டெக்னிக்கல் மேட்டர்’. டீக்கடை நண்பரோடு எனக்கு இருக்கும் சண்டை இதுதான். எல்லாரும் சால்டரிங் அயர்னைத் தூக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தூக்குகிறவனின் உரிமைக்காக நாமும் குரல் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

6

குரல் கொடுக்க இது நேரமும்கூட. பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது. அந்த டிசம்பரில் இணையதளம் தொடங்கியது. கருவிகளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் கொடுக்கும் திட்டத்துக்காக 2024-இல் இன்னொரு குழு அமைத்தார்கள், 2025 மே மாதம் அதன் அறிக்கையும் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நின்றபின் ஏழு ஆண்டு வரை போன் உதிரி பாகங்கள் கிடைத்தாக வேண்டும் என்பது சட்டம். நல்லது. ஆனால் திருகாணி, பசை, உதிரி பாகம் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது என்பதே என் பயம். எந்த பாகத்தை மாற்ற வேண்டும் என்று தெரிந்தால்தானே பாகம் கிடைத்துப் பயன்? சித்தப்பாவின் போனுக்கு ரிப்பன் கிடைக்காமல் இல்லை. ரிப்பன்தான் கோளாறு என்பதுதான் கிடைக்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விற்கும் ஒவ்வொரு போனுக்கும் சீரியல் புள்ளி எங்கே, எத்தனை வோல்ட், என்ன வேகம் என்று ஒரு பக்கம் வெளியிடுங்கள். முடிந்தால் யூஎஸ்பி துளை வழியாகவே கொண்டுவாருங்கள், போர்டைத் திறக்காமல் கேட்கலாம். ஏன் அணைந்தேன், எங்கே நிற்கிறேன் என்பதை மட்டுமாவது போன் உரிமையாளருக்குச் சொல்லட்டும். சர்வீஸ் சென்டர் மேசையில் இருக்கும் தம்பியிடமும் அந்தக் கேபிளைக் கொடுங்கள். “எங்களுக்கே தெரியாது சார்” என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது அவனுக்கும் சந்தோஷமான வேலை இல்லை.

தமிழில் ‘கேட்பது’ என்றால் காது கொடுப்பதும்தான், கேள்வி எழுப்புவதும்தான். முதலாவது இல்லாமல் ரெண்டாவது வராது. போன் சொன்னதைக் கேட்ட பிறகுதான் சித்தப்பாவால் ஓனரிடம் போய்க் கேட்க முடிந்தது. போட்டோக்களைக் காட்டி ஒவ்வொரு நடையாகக் கணக்குச் சொன்னார். பாதிப் பாக்கி வந்துவிட்டது. மீதியை இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மெக்கானிக் அண்ணன் கடையில் இப்போது அந்தக் கேபிள் தொங்குகிறது. நான் கொடுத்தது அல்ல, அவரே வாங்கிவிட்டார். போன வாரம் போன் பண்ணினார். “தம்பி, இன்னொரு மாடல் வந்துருக்கு. வரைபடத்துல அந்த ரெண்டு பாயிண்டே காணோம். எங்க இருக்கும்?”

எனக்கும் தெரியவில்லை.